சுருளும் சமதளமும்: ஒளிப்படத்தின் தெளிவு எங்கே இழக்கப்படுகிறது?



மொழி மன்றத்தின் மேடையில் ஒளிப்படக் கருவியைப் பற்றிப் பேசுவதற்கு இடமுண்டா என்று சிலர் எண்ணக்கூடும். ஆதலின் ஒரு சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். ஆங்கிலேயர் 'பிலிம்' என்று பெயரிட்டனர். மெல்லிய படலம் என்பது அதன் பொருள். தமிழர் அதனைப் 'படச்சுருள்' என்றனர். ஆங்கிலப் பெயர் அதன் தடிமனைச் சொல்கிறது. தமிழ்ப் பெயரோ அதன் குணத்தைச் சொல்கிறது. சுருண்டிருப்பது அதன் இயல்பு. ஆனால் கருவியின் கதவு திறந்து ஒளி உட்புகும் அந்த ஒரு நொடிக் கூற்றில், சுருண்டே பழகிய அப்பொருள் சற்றும் வளையாமல் நிற்கவேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அந்த எதிர்பார்ப்பு நிறைவேறினால் படம் தெளிவாகிறது, நிறைவேறாவிடில் மங்குகிறது. இன்றைய என் உரை முழுவதும் இந்த ஒரு முரண்பாட்டைப் பற்றியதே.

இதனை நான் ஆராய நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. இவ்வட்டாரத்தைச் சேர்ந்த படிவம் 5 மாணவி ஒருவர், தம் குடும்ப வரலாற்றை எழுதும் பள்ளிப் பணிக்காக இரண்டு பழைய படங்களை என்னிடம் கொண்டுவந்தார். அவருடைய கொள்ளுத்தாத்தா இரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். ஒரு படம் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் எடுத்தது. காவடி சுமந்து நடுவில் நிற்பவர் அவர். மற்றொன்று லயத்தின் முன் தோட்டத்து மக்கள் அனைவரும் கூடி நிற்கும் படம். வரிசையின் வலக்கோடியில் நிற்பவர் அவர். இரண்டிலும் அவர் முகம் மட்டும் மங்கியிருந்தது. "ஐயா, இரண்டு படத்திலும் அவர் முகம்தான் தெரியவில்லை. இதைச் சரிசெய்ய முடியுமா?" என்று அவர் கேட்டார். நல்வாய்ப்பாக, ஒரு பழைய பிஸ்கட் டின்னில் இரு படங்களின் நெகட்டிவுகளும் இருந்தன. அவருக்கு நான் அளித்த விடையைத்தான் இன்று உங்கள் முன் விரித்துரைக்கிறேன்.

தெளிவின் அளவு

வில்லை என்பது, ஒரு பொருளிலிருந்து விரிந்து வரும் ஒளியை மீண்டும் ஒரு புள்ளியில் கூட்டுகிறது. அவ்வாறு கூடும் ஒளி ஒரு கூம்பின் வடிவில் வருகிறது. கூம்பின் முனை எங்கே முடிகிறதோ, அங்கே படச்சுருளின் மேற்பரப்பு இருந்தால் புள்ளி புள்ளியாகவே பதியும். சுருள் சற்று முன்னே நின்றாலும் பின்னே நின்றாலும் புள்ளி, வட்டமாக விரிந்து பதியும். முகத்தின் ஒவ்வொரு புள்ளியும் இவ்வாறு வட்டமாகி ஒன்றன்மேல் ஒன்று படியும்போது, கண்ணும் புருவமும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

எவ்வளவு விலகலைக் கண் பொறுக்கும்? 35 மில்லிமீட்டர் படச்சுருளில் 0.03 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தைக் கண் புள்ளியாகவே ஏற்கும் என்பது நெடுநாளாக வழங்கிவரும் கணக்கு. வில்லையின் திறப்பு எண்ணால் இதனைப் பெருக்கினால், சுருள் ஒரு பக்கமாக எவ்வளவு விலகலாம் என்பது கிடைக்கும். எஃப் 8 என்னும் சிறிய திறப்பில் 0.24 மில்லிமீட்டர், எஃப் 2 என்னும் அகன்ற திறப்பில் 0.06 மில்லிமீட்டர் மட்டுமே. பின்னது ஏறத்தாழ ஒரு தலைமுடியின் தடிமன். திறப்பு அகலும்போது கூம்பு மழுங்குகிறது. மழுங்கிய கூம்பில் சிறு விலகலும் பெரிய வட்டமாகிறது. நண்பகல் வெயிலில் தெளிவாகப் படமெடுத்த அதே கருவி, மாலை நேரத்தில் மரநிழலில் மங்கலாக எடுப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பழியை நாம் பெரும்பாலும் வில்லையின் மேல் சுமத்துகிறோம்.

கருவிக்குள் நடப்பது

35 மில்லிமீட்டர் கருவியின் பின்கதவைத் திறந்து பாருங்கள். படம் விழும் சாளரத்தின் மேலும் கீழும், தண்டவாளம்போல் வழவழப்பான இரண்டிரண்டு விளிம்புகள் ஓடுகின்றன. உள்விளிம்புகளின் மேல் சுருள் நகர்கிறது. கதவில் வில்லால் தாங்கப்பட்ட ஒரு தகடு உள்ளது. அதனை அழுத்தத் தகடு எனலாம். அத்தகடு சுருளை இறுக நசுக்குவதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது வெளிவிளிம்புகளின் மேல்தான் அமர்கிறது. உள்விளிம்பிற்கும் தகட்டிற்கும் இடையே ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் இடைவெளி விடப்படுகிறது. சுருளின் தடிமனோ ஏறத்தாழ 0.15 மில்லிமீட்டர். இறுக அழுத்தினால் சுருள் நகராது. நகர்ந்தாலும் கீறல் விழும். எனவே நகர்வதற்காக விட்ட அந்த மெல்லிய இடைவெளிக்குள்ளேயே சுருள் வளைய இடம் பெறுகிறது.

அது ஏன் வளைகிறது? மொட்டைமாடியிலோ முற்றத்திலோ அப்பளம் உலர்த்தியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மேற்புறம் முதலில் காய்ந்து சுருங்குகிறது. அடிப்புறம் இன்னும் ஈரமாக இருக்கிறது. அப்பளம் காய்ந்த பக்கமாக வளைகிறது. படச்சுருளும் இரண்டு அடுக்குகளால் ஆனது. அடியில் அசிட்டேட் போன்ற நெகிழித் தளம். அதன்மேல் ஒளியை உணரும் வெள்ளி உப்புகள் கலந்த ஜெலட்டின். ஜெலட்டின் ஈரத்தை உறிஞ்சி உப்பும். ஈரம் இழந்து சுருங்கும். நெகிழித் தளம் அவ்வளவாக மாறுவதில்லை. எனவே வறண்ட காற்றில் சுருள் ஜெலட்டின் பக்கமாக வளைகிறது. ஈரக் காற்றில் அவ்வளைவு தளர்கிறது. கிந்தா பள்ளத்தாக்கின் புழுக்கத்திலிருந்து குளிரூட்டிய அறைக்குள் செல்லும் ஒருவரின் கருவிக்குள்ளும் இந்த மாற்றம் நடந்துகொண்டேயிருக்கும்.

இதனோடு பழக்கமும் சேர்கிறது. மாதக்கணக்கில் உருளையில் சுற்றியிருந்த சுருள் அந்த வளைவை நினைவில் வைத்துக்கொள்கிறது. மேலும், பல கருவிகளில் சுருள் சிறு உருளையொன்றின் மேல் திரும்பிச் செல்கிறது. ஒரு படம் எடுத்தபின் நெடுநேரம் கருவியை அப்படியே வைத்திருந்தால், திருப்பத்தில் நின்ற பகுதி மடங்கிய தடத்தைப் பெறும். அடுத்த படத்திற்காகச் சுற்றும்போது அத்தடம் சாளரத்தின் ஒரு பக்கத்தில் வந்து நின்று புடைக்கும். பின்பலம் தரும் காகிதத்தோடு சுற்றப்படும் 120 வகை அகலச் சுருள்களில் இத்தொல்லை மிகுதி. 'படமெடுப்பதற்குச் சற்று முன்பே சுருளைச் சுற்றுக' என்று அனுபவம் மிக்க ஒளிப்படக் கலைஞர்கள் அறிவுறுத்துவது இதனால்தான்.

தோல்பை போன்ற மடிப்புக் கருவிகளில் இன்னொரு குறையும் உண்டு. மடித்து வைத்த கருவியை விரைவாகத் திறந்தால், விரியும் துருத்தி உள்ளிருக்கும் காற்றின் அழுத்தத்தைக் குறைக்கிறது. அந்த இழுப்பில் சுருள் வில்லையை நோக்கி முன்னே புடைக்கும். முதலில் கருவியைத் திறந்து, அதன்பின் சுருளைச் சுற்றுவதே முறை.

நாய்வாலை நிமிர்த்தியவர்கள்

நாய்வாலை நிமிர்த்த முடியாது என்பார்கள். ஆயினும் தேவை கடுமையாக இருந்த துறைகளில் இதனை நிமிர்த்த மனிதர் பல வழிகளைத் தேடினர்.

முதல் வழி, சுருளையே தவிர்ப்பது. தமிழ்நாட்டின் கொடைக்கானல் வானாய்வகத்தில் 1904ஆம் ஆண்டு முதல் கதிரவனை நாள்தோறும் படமெடுத்து வந்தனர். அப்படங்கள் கண்ணாடித் தகடுகளில் பதிந்தவை. கண்ணாடி சுருளாது, ஈரத்தில் நீளாது. கதிரவப் புள்ளியின் இடத்தைத் தலைமுறை கடந்தும் அளந்து ஒப்பிட முடிவதற்கு அத்தகடுகளின் உறுதியும் ஒரு காரணம். அவை இப்போது எண்ணிமப் படிகளாகவும் மாற்றப்பட்டுள்ளன.

இரண்டாம் வழி, காற்றை உறிஞ்சி இழுப்பது. வானிலிருந்து நிலப்படத்திற்காக எடுக்கும் படங்களில் ஒரு சிறு வளைவும் ஆற்றின் இடத்தையும் மலையின் உயரத்தையும் பிழைபடக் காட்டிவிடும். எனவே நிலப்படக் கருவிகளில் சுருளின் பின்னுள்ள தகட்டில் நுண்துளைகள் இட்டு, காற்றை உறிஞ்சிச் சுருளைத் தகட்டோடு ஒட்டவைத்தனர். வான்வழிப் படங்கள் நம் நாட்டு வரலாற்றோடும் பிணைந்தவை. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் மலாயாக் காடுகள் வானூர்திகளிலிருந்து படமெடுக்கப்பட்டன. பிரிட்டிஷ் வான்படையின் புகழ்பெற்ற ஸ்பிட்பயர் வானூர்தி, தன் இறுதிப் போர்க்காலப் பணிப் பறப்பை 1954 ஏப்ரல் 1 அன்று ஜொகூர்க் காடுகளைப் படமெடுப்பதற்காகவே மேற்கொண்டது. காற்றை உறிஞ்சும் அதே உத்தியை 1990இல் வெளிவந்த கான்டாக்ஸ் ஆர்டிஎஸ் 3 என்னும் 35 மில்லிமீட்டர்க் கருவி, கையில் ஏந்தும் அளவிற்குச் சுருக்கிக் காட்டியது.

மூன்றாம் வழி, கண்ணாடியால் தாங்குவது. ரோலைப்ளெக்ஸ் கருவிகள் சிலவற்றில் சுருளின் முன் ஒரு சமதளக் கண்ணாடியைப் பொருத்த இடமிருந்தது. 1969இல் நிலவில் இறங்கியோர் கொண்டுசென்ற ஹாசல்பிளாட் கருவியிலும் சுருளையொட்டி ஒரு கண்ணாடித் தகடு இருந்தது. அதில் 10 மில்லிமீட்டர் இடைவெளியில் 25 சிலுவைக் குறிகள் பொறிக்கப்பட்டிருந்தன. நிலவுப் படங்களில் நாம் காணும் அச்சிறு சிலுவைகள் அலங்காரம் அல்ல. சுருள் நீண்டதா, நெளிந்ததா என்பதைப் பின்னர் அளந்தறிவதற்கான சான்றுகள் அவை. ஆனால் கண்ணாடி வைத்தால் அதன்மேல் படியும் தூசும் படமாகும். எந்த வழியிலும் ஒரு விலை உண்டு.

இவை யாவற்றையும் கேட்டபின், சமதளமே தெளிவின் இலக்கணம் என்று நீங்கள் முடிவுகட்டக்கூடும். அங்கே ஒரு திருத்தம் தேவை. 1930ஆம் ஆண்டில் பெர்ன்கார்டு சுமித் என்பார் ஒரு புதுவகைத் தொலைநோக்கியை உருவாக்கினார். வானின் அகன்ற பரப்பை ஒரே படத்தில் தெளிவாகக் காட்டும் அது, தன் பிம்பத்தைச் சமதளத்தில் வீழ்த்துவதில்லை. வளைந்த பரப்பில் வீழ்த்துகிறது. எனவே அமெரிக்காவின் பலோமர் வானாய்வகத்தில், ஏறத்தாழ 35 சென்டிமீட்டர் சதுரமான மெல்லிய கண்ணாடித் தகடுகளை வேண்டுமென்றே வளைத்துப் பொருத்தினர். தமிழ்நாட்டின் காவலூரிலும் சுமித் வகைத் தொலைநோக்கி ஒன்று உண்டு. 45 சென்டிமீட்டர் திறப்புடைய அதன் துணையால் 1988இல் இராஜமோகன் கண்டறிந்த சிறுகோளுக்குக் கணித மேதை இராமானுஜனின் பெயர் சூட்டப்பட்டது. எளிய ஒற்றை வில்லையுடைய மலிவுக் கருவிகள் பலவற்றிலும் சுருள் வளைவாகவே நிறுத்தப்படுகிறது. அவ்வில்லைகளின் பிம்பமும் வளைந்தே விழுகிறது. ஆக, உண்மையான இலக்கணம் இதுவே: வில்லை பிம்பத்தை எங்கே வீழ்த்துகிறதோ, அங்கே சுருள் இருக்கவேண்டும். பெரும்பாலான கருவிகளில் அவ்விடம் சமதளம் என்பதால்தான் சமதளத்திற்கு இத்துணை மதிப்பு.

மணிகள் சொல்லும் சாட்சி

இனி அம்மாணவியின் கேள்விக்குத் திரும்புவோம். ஒரு பழைய படம் மங்கியிருந்தால், தெளிவு எங்கே இழக்கப்பட்டது என்று முதலில் அறியவேண்டும். கருவிக்குள் இழந்ததை எவராலும் மீட்கமுடியாது. அதற்குப் பின் இழந்ததை மீட்கலாம். இவ்விரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய சோதனை உண்டு. நெகட்டிவில் உருவம் என்பது நுண்ணிய வெள்ளி மணிகளால் ஆனது. கருவிக்குள் வில்லை எவ்வளவு மங்கலாகப் படம் வீழ்த்தினாலும், கழுவிய பின் அம்மணிகள் கூர்மையாகவே இருக்கும். ஏனெனில் மணிகள் சுருளுக்கே உரியவை. ஆகவே ஒரு பெரிதாக்கிய படத்திலோ வருடியில் எடுத்த படியிலோ, மணிகள் கூர்மையாகவும் முகம் மங்கலாகவும் இருந்தால், பிழை கருவிக்குள் நிகழ்ந்தது. மணிகளே மங்கியிருந்தால், பிழை பெரிதாக்கும்போதோ வருடும்போதோ நிகழ்ந்தது.

திருவிழாப் படத்தை உருப்பெருக்குக் கண்ணாடியால் பார்த்தேன். ஓரங்களில் மணிகள் தெளிவாக இருந்தன. காவடி நின்ற நடுப்பகுதியில் மணிகளே கரைந்திருந்தன. எனவே கருவியின்மேல் பழியில்லை. இருட்டறையில் பெரிதாக்கும்போது விளக்கின் வெப்பத்தால் நெகட்டிவின் நடுப்பகுதி திடீரெனப் புடைத்துக் குவியத்தை விட்டு விலகியிருக்கிறது. அக்காலத்து இருட்டறைகளில் இது பழக்கப்பட்ட தொல்லை. நெகட்டிவை உறையிலிட்டுச் சில நாள் கனமான நூல்களுக்கு அடியில் வைத்துச் சமப்படுத்தி, மீண்டும் வருடியில் வைத்தோம். அறுபது ஆண்டுகளாக அக்குடும்பத்தார் மங்கலாகவே பார்த்துவந்த முகம், வியர்வையும் திருநீறும் துலங்கத் திரையில் தோன்றியது. அது என்றும் அங்கேயேதான் இருந்தது.

லயத்தின் முன் எடுத்த படத்தில் நிலைமை வேறு. மணிகள் எங்கும் கூர்மை. வரிசையில் இடப்புறத்திலும் நடுவிலும் நின்றோர் முகங்கள் தெளிவு. வலக்கோடியில் நின்ற நால்வர் மட்டும் மங்கல். அவர் அசைந்திருப்பாரோ என்றால், அவர் காலடியில் கிடந்த கற்களும் மங்கலாகவே இருந்தன, கற்கள் அசைவதில்லை. ஆனால் அவருக்குப் பின்னால் தொலைவில் இருந்த லயத்தின் பலகைச் சுவர், படத்தின் அந்தப் பகுதியில் மட்டும் மிகத் தெளிவாக இருந்தது. அங்கே சுருள் வில்லையை நோக்கி முன்னே புடைத்திருக்கிறது என்பதற்கு இதுவே சான்று.

மாணவர்கள் இதனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 75 மில்லிமீட்டர் குவியத் தொலைவுடைய வில்லையை 10 மீட்டரில் நிற்போருக்காகச் சரிசெய்தால், பிம்பம் வில்லைக்குப் பின் 75.57 மில்லிமீட்டரில் விழுகிறது. சுருள் அங்கே 0.2 மில்லிமீட்டர் முன்னே புடைத்தால், அப்பகுதியில் தெளிவாகப் பதிவது 10 மீட்டரில் நிற்பவர் அல்லர். 15 மீட்டருக்குச் சற்று அப்பால் உள்ள பொருளே. ஓர் அட்டையின் தடிமனுக்கும் குறைவான புடைப்பு, தெளிவை ஐந்து மீட்டர் பின்னே தள்ளிவிடுகிறது.

மாணவியின் பாட்டிக்கு அந்நாள் நினைவிருந்தது. தோட்டத்துத் துரை வருவதற்காக எல்லாரும் மாலைவரை காத்திருந்தார்களாம். படக்காரர் தம் பெட்டியை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு திண்ணையில் அமர்ந்திருந்தாராம். துரையின் வண்டி வந்ததும் அவசரமாகத் திறந்து எடுத்தாராம். மடிப்புக் கருவி, முன்னரே சுற்றிவைத்த சுருள், விரைந்து திறந்த துருத்தி, மாலை வெளிச்சத்திற்காக அகலத் திறந்த வில்லை. இவ்வாறே நிகழ்ந்தது என்று நான் அறுதியிட்டுக் கூறேன். ஆனால் படம் காட்டும் தடயங்கள் இதனோடு பொருந்துகின்றன. அம்முகம் கருவிக்குள்ளேயே இழக்கப்பட்டது. அதனை மீட்க முடியாது என்று மாணவியிடம் சொன்னேன்.

இன்றைய கணினிச் செயலிகள் மங்கிய முகத்தைத் தெளிவாக்கித் தருவதாகச் சொல்கின்றன. அவை செய்வது மீட்பு அன்று, ஊகம். ஆயிரமாயிரம் பிறர் முகங்களைக் கற்று, அவ்விடத்தில் ஒரு முகத்தை வரைகின்றன. அது அழகாக இருக்கலாம். கொள்ளுத்தாத்தாவின் முகமாக இராது. குடும்ப வரலாறு எழுதும் மாணவர்கள் இவ்வேறுபாட்டை மறவாதிருக்க வேண்டுகிறேன். மங்கலை மங்கல் என்றே எழுதுவது குறையன்று, அதுவே நேர்மை.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, மக்கள் பட்டணங்களுக்குச் சென்றுவிட்டனர். அவ்வாழ்வின் சான்றுகளுள் எஞ்சியவற்றில் இப்படங்கள் முதன்மையானவை. படத்தை வைத்துக்கொண்டு நெகட்டிவை எறிந்துவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. நெகட்டிவே மூலம், படம் அதன் படி. மாணவரிடம் நெகட்டிவையும் தேடிவரச் சொல்லுங்கள். சுருண்டிருந்தால் சூடேற்றியோ இழுத்தோ நிமிர்த்தவேண்டாம். உறையிலிட்டு மெல்லிய பாரத்தின்கீழ் பொறுமையாகச் சமப்படுத்துங்கள். வருடியில் வைக்கும்போது நடுவில் மேடு தட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டின்னைத் திறந்ததும் காடி நாற்றம் வந்தால் காலம் தாழ்த்தாதீர்கள்; நம் வெப்பத்திலும் ஈரத்திலும் அசிட்டேட் தளம் சிதைகிறது என்பதன் அறிகுறி அது. சிதைந்த தளம் சுருங்கி நெளியும். பிறகு எந்தப் பாரமும் அதனைச் சமதளமாக்காது.

இறுதியாக ஒன்று. லயத்தின் படத்தில் முகத்தை மீட்க முடியாது என்று கேட்டபின்னும் அம்மாணவி அதனை உருப்பெருக்குக் கண்ணாடியால் பார்த்துக்கொண்டே இருந்தார். சற்று நேரத்தில், "ஐயா, பின்னால் உள்ள கதவில் எண் தெரிகிறது" என்றார். பாட்டியிடம் கேட்டதில், அது அவர்கள் குடியிருந்த வீட்டின் எண். சுருளின் புடைப்பு முகத்தில் பறித்த தெளிவை, பின்னிருந்த வீட்டுக் கதவில் வைத்துவிட்டிருந்தது. தெளிவு எங்கே போயிற்று என்று தேடியதால்தான் அக்கதவு அவர் கண்ணில் பட்டது. அவர் தம் குடும்ப வரலாற்றின் முதல் வரியாக அந்த எண்ணையே எழுதினார்.